விவாகரத்தில் நாய் யாரிடம், பூனை யாரிடம், மாடு யாரிடம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு யாருக்கு, நகை எவ்வளவு, பிள்ளைகள் யாரிடம் என்று மாதக்கணக்கில் பேசுகிறவர்கள் நாயைப் பற்றிக் கடைசி நாளில்தான் பேசுகிறார்கள். அதற்குள் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போயிருப்பார். இன்னொருவர் போலீஸ் நிலைய வாசலில் நிற்பார். இங்குள்ள பதில்கள் தமிழ்நாட்டில், இந்தியச் சட்டப்படி பிரிகிறவர்களுக்கானவை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி உண்டு. நீதிமன்றத்துக்கு நாய் ஒரு பொருள். அதன் சாப்பாட்டு நேரமும் பயமும் வலியும் தெரிந்தவர்கள் நீங்கள் இருவர்தான். அதனால் முடிவை நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பதுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது.

சட்டம் என் நாயை என்னவாகப் பார்க்கிறது?

அசையும் சொத்தாக. பைக், பீரோ, டிவி இருக்கும் அதே வரிசையில். குழந்தையை யார் வசம் விடுவது என்று சொல்லும் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் மனிதக் குழந்தைகளுக்கு மட்டுமே. மனுவில் நாய்க்குக் 'கஸ்டடி' என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான். 'உடைமை', 'ஒப்படைப்பு' என்ற சொற்களில் கேளுங்கள்.

விலங்கு நலனைச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 3-ஆம் பிரிவு, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்க வேண்டும் என்கிறது. 2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், பசியும் பயமும் வலியும் இல்லாமல் விலங்குகள் வாழ்வதைப் பற்றி விரிவாகப் பேசியது. ஆனால் 'இந்த இருவரில் யார்' என்ற கேள்விக்கு இவை பதில் தருவதில்லை. ஒரு நீதிபதி நாயின் நலனைக் கணக்கில் எடுக்கலாம். எடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அப்படியானால் யாருடையது என்று எப்படி முடிவாகும்?

அது வீட்டுக்கு வந்த வழியை வைத்து. கல்யாணத்துக்கு முன்பே ஒருவர் வளர்த்தது என்றால் அவருடையது. பிறந்தநாளுக்கு மனைவிக்குக் கணவர் வாங்கிக் கொடுத்தது மனைவியுடையது. கொடுத்த பிறகு 'காசு நான் போட்டது' என்று திருப்பிக் கேட்க முடியாது. பெண்ணுக்கு அவள் வீட்டார் கொடுத்தது சீதனம். அதில் கணவருக்கு உரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து வாங்கியதில்தான் சண்டை வரும். இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, கல்யாணத்தை ஒட்டிப் பரிசாக வந்து இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பிறகு வாங்கிய நாய்க்கு, 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 7-ஆம் பிரிவின்கீழ், தம்பதியின் சொத்து பற்றிய வழக்காகக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம். எந்த மதத்து முறைப்படி கல்யாணம் நடந்திருந்தாலும் இந்த வழி திறந்திருக்கிறது.

இங்கே ஒரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். அசையும் பொருளை ஒப்படைக்கச் சொல்லும் தீர்ப்பில், ஒப்படைக்க முடியாமல் போனால் எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதையும் நீதிமன்றம் எழுதும். பத்து வயது நாட்டு நாய்க்குச் சந்தையில் என்ன விலை? ஒன்றுமில்லை. அந்தச் சொற்பத் தொகையைக் கட்டிவிட்டு நாயைத் தர மறுக்க எதிர்த்தரப்பு முயலும். இதைத் தடுக்க, 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் 7, 8 பிரிவுகளைக் குறிப்பிட்டு, இது பணத்தால் ஈடுகட்ட முடியாத உடைமை என்பதை முதல் மனுவிலேயே காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

என் பெயரில் ரசீது இல்லை. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தேன். என்ன சாட்சி காட்டுவது?

தடுப்பூசிப் புத்தகம்தான் முதல் சாட்சி. அதன் முதல் பக்கத்தில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கிளினிக்கில் வரிசையில் நின்றவர் பெயர் இருக்காது. கார் ஓட்டிப் போனவர் பெயரோ போன் எண் கொடுத்தவர் பெயரோ இருக்கும். அது உங்கள் பெயர் இல்லையென்றால் பதற வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அடித்துத் திருத்திய புத்தகம் உங்கள் மற்ற ஆவணங்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

அடுத்தது மாநகராட்சி உரிமம். பிறகு கிளினிக் பில்கள், அவற்றுக்கு யார் ஜிபே செய்தார் என்ற கணக்கு, தீவனம் ஆர்டர் செய்த விவரம், நாய் ஹாஸ்டலில் விட்டபோது கையெழுத்துப் போட்ட படிவம். இரண்டு வருஷத்து வங்கி அறிக்கையை எடுத்து, நாய்க்கான செலவுகளை மட்டும் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதினால் வக்கீலுக்கு அது பெரிய உதவி. வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம், யார் அழைத்து வந்தார், எந்தத் தேதிகளில் என்று பதிவேட்டைப் பார்த்து ஒரு கடிதம் கேளுங்கள். 'இவர்தான் நல்லவர்' என்று எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர் எழுத மாட்டார், எழுதினாலும் மதிப்பிருக்காது.

வெளிநாட்டு ரகமோ ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ, சான்றிதழோடு வாங்கிய நாய் என்றால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவில் உரிமையாளர் பெயர் இருக்கும். பல வீடுகளில் விற்றவர் பெயரிலேயே அது மாற்றப்படாமல் கிடக்கிறது.

புகைப்படங்களுக்கு நீங்கள் நினைக்கும் அளவு எடை இல்லை. இருவரிடமும் நாயோடு சிரிக்கும் படங்கள் இருக்கும்.

சொல்லாமல் கொள்ளாமல் நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் 'குடும்பப் பிரச்சினை, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பதிலுக்குத் தயாராகப் போங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வளர்த்ததைத் திருட்டு என்று பதிவு செய்யப் போலீஸ் தயங்கும். உங்கள் பெயரில் மட்டும் உரிமமும் ரசீதும் இருந்தால் பேச்சு வேறு. அவற்றின் நகலோடு போங்கள்.

வேகமாக வேலை செய்வது வக்கீல் நோட்டீஸ். நாய் இப்போது எங்கே இருக்கிறது, அடுத்த தடுப்பூசி என்றைக்கு, என்ன மருந்து சாப்பிடுகிறது என்பதையெல்லாம் அதில் எழுதிவிட வேண்டும். பிறகு மருந்தை விட்டுவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. வழக்கு நடக்கும்போது விற்கவோ வேறு ஊருக்குக் கொண்டுபோகவோ கூடாது என்று இடைக்காலத் தடை கேட்கலாம்.

பூட்டை உடைத்துப் போய்த் தூக்கி வருவது, வாக்கிங் வரும்போது கயிற்றைப் பிடுங்குவது, இரண்டும் வேண்டாம். உங்கள் மேல் வழக்கு வரும் என்பது ஒரு காரணம். இழுபறியில் கயிறு கைவிட்டுப் போய் நாய் ரோட்டில் ஓடுவது அதைவிடப் பெரிய காரணம்.

'கேஸ் போட்டால் நாயைக் கொன்றுவிடுவேன்' என்று மிரட்டுகிறார்.

இதைச் சொத்துத் தகராறாக நினைத்துப் பொறுத்திருக்காதீர்கள். விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் ஊனமாக்குவதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். மிரட்டலுக்கு ஆளாவது மனைவி என்றால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மிரட்டல் அதில் மனரீதியான வன்முறையாக வரும். மனைவிக்கும் பங்குள்ள வீட்டுப் பொருளைத் தெரியாமல் விற்பது பொருளாதார வன்முறையில் வரும். 19-ஆம் பிரிவின்கீழ், சீதனத்தையும் பெண்ணுக்கு உரிமையுள்ள மற்ற உடைமைகளையும் திருப்பித் தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். நாய் மனைவியுடையது என்று காட்ட முடிந்தால் அதையும் இதே மனுவில் கேட்கலாம்.

வாட்ஸ்அப் குரல் செய்தியை அழிக்காதீர்கள். அடிபட்டிருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி, காயத்தின் அளவும் இடமும் எழுதிய குறிப்பு வாங்குங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சீட்டுக்கு நடுநிலையான ஆவணம் என்ற மதிப்பு உண்டு.

இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். எங்கே எழுதுவது?

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவிலேயே. இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் மனு போட்ட பிறகு இரண்டாம் கட்ட மனுவுக்கு 6 மாதம் இருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. இந்த இடைவெளியில் மனம் மாறும், வேலை மாறும், ஊர் மாறும். அதனால் முதல் மனுவிலேயே நாயின் பெயர், ரகம், வயது, நிறம், மைக்ரோசிப் எண் (நாயின் தோலுக்கு அடியில் பொருத்திய சிப்பின் எண்) எல்லாம் வந்துவிட வேண்டும்.

தீர்ப்பாணையின் பகுதியாக வந்தால், மீறியவர் மேல், தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி நேராக நிறைவேற்று மனு போடலாம். தனியாக முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கி வைத்தது வெறும் ஒப்பந்தம். மீறினால் முதலிலிருந்து ஒரு வழக்குப் போட வேண்டும். நோட்டரி செய்துவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த நிம்மதி போதாது.

பேச்சு முடியாமல் இழுத்தால் சமரச மையம் கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லிருந்து அது இயங்குகிறது. நீதிபதி முன் 5 நிமிஷம் கிடைக்காத நாய்க்கு, அங்கே ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அந்த ஷரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

'நாய் மனைவியிடம் இருக்கும், கணவர் அவ்வப்போது பார்க்கலாம்' என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலான மனுக்களில் இருக்கிறது. 'அவ்வப்போது' என்ற அந்த ஒரு சொல்லே அடுத்த வழக்குக்கு விதை. நாங்கள் பரிந்துரைக்கும் வடிவம் இப்படிப் போகும்:

'மைக்ரோசிப் எண் இன்னது கொண்ட, 6 வயது பெண் லாப்ரடார், முதல் தரப்பினரின் முழு உரிமையில் இருக்கும். இரண்டாம் தரப்பினர் ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை அழைத்துச் செல்லலாம். அழைத்துச் செல்வதும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அவர் பொறுப்பு. தொடர்ந்து 3 முறை வராவிட்டால் இந்த அனுமதி முடிவுக்கு வரும்.'

அடுத்து மருத்துவம். வழக்கமான தடுப்பூசி, பூச்சி மருந்து வைத்திருப்பவர் செலவு. அறுவை சிகிச்சை போன்ற பெரிய செலவுக்கு ஒரு வரம்புத் தொகையை எழுதுங்கள். அதற்கு மேல் போனால் எவ்வளவு பங்கு, பில் காட்டி எத்தனை நாளில் தர வேண்டும் என்பதும் வேண்டும். அவசரத்தில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதை மறக்காதீர்கள். வயிறு முறுக்கிக்கொண்ட நாய்க்கு நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் இன்னொருவரின் சம்மதத்துக்காக போனைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. நாய் யார் கையில் இருக்கிறதோ அவர் உடனே முடிவெடுக்கலாம், மற்றவருக்குத் தகவல் தந்தால் போதும் என்று எழுதுங்கள்.

கருணை முடிவு, அதாவது வலி தாங்க முடியாத நாயின் உயிரை மருத்துவரே முடித்துவைப்பது பற்றி எழுதக் கை வராது. ஆனாலும் எழுதுங்கள்: சிகிச்சை பார்க்கும் மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும், மற்றவருக்கு வந்து பார்க்க இத்தனை மணி நேரம் கொடுத்து.

வைத்திருப்பவருக்கு இனி முடியாது என்று ஆனால், வேறு யாருக்கும் கொடுக்கும் முன் மற்றவரிடம் கேட்க வேண்டும் என்ற வரியும் வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் போனதால் முகம் தெரியாதவர் வீட்டுக்குப் போன நாய்கள் பல. பெண் நாய் என்றால் குட்டி போட விடலாமா கூடாதா என்பதையும் சேருங்கள். எங்கள் யோசனை, பிரிவதற்கு முன்பே கருத்தடை செய்துவிடுவது. ஏற்கெனவே சினையாக இருந்தால் தாயை இடம் மாற்றாதீர்கள். குட்டிகளை 8 வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள்.

உண்மையில் யாரிடம் இருந்தால் அதற்கு நல்லது?

யார் அதிகம் நேசிக்கிறார் என்று கேட்டால் சண்டைதான் வரும். வேறு கேள்விகள் கேளுங்கள். கடந்த ஒரு மாதத்தில் காலையில் எழுந்து வெளியே கூட்டிப்போனது யார்? இடி இடித்தால், தீபாவளி வெடி வெடித்தால் அது யார் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறது? பிரிந்த பிறகு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீட்டில் ஆள் இருக்கும்? மூட்டுவலி உள்ள கிழ நாயை லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு யார் தூக்கி ஏற்றுவது? 30 கிலோ எடையை ஒரு நாளைக்கு நான்கு தடவை.

பதில்களை இருவரும் தனித்தனித் தாளில் எழுதி மாற்றிப் படியுங்கள். ஒரே வீட்டில் இருந்தும் அதற்கு என்ன மாத்திரை, எந்த வேளை என்று எழுதத் தெரியாதவர் யார் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

பார்வை மங்கிய நாய்க்கு வீடு முக்கியம். சுவரும் படியும் மனப்பாடமான இடத்திலேயே விடுங்கள். யார் அந்த வீட்டில் தங்குகிறாரோ அவரிடம்.

ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவருக்கு என்று வைத்துக்கொள்ளலாமா?

நாய்க்கு, சில நிபந்தனைகளோடு முடியும். இரண்டு வீடும் அருகருகே இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே தீவனம், ஒரே நேரம், ஒரே கட்டளைச் சொற்கள் வேண்டும். ஒரு வீட்டில் சோபாவில் ஏறலாம், இன்னொரு வீட்டில் ஏறினால் அடி என்றால் நாய் குழம்பும். முதல் 2 மாதம் சோதனையாகப் பாருங்கள். மாறிய மறுநாள் சாப்பிடாமல் இருப்பது, வீட்டுக்குள் சிறுநீர் போவது, பாதத்தை நக்கிப் புண்ணாக்குவது, வாசற்கதவைப் பிறாண்டுவது தொடர்ந்தால் நிறுத்திவிடுங்கள். இந்த ஏற்பாடு நாய்க்காகத்தான். நாயால் முடியவில்லை என்றால் அதோடு முடிந்தது.

பூனைக்கு வேண்டவே வேண்டாம். பூனைக்கு ஆளைப் போலவே இடமும் உறவு. வாராவாரம் கேரியரில் அடைத்து மாற்றினால், மன அழுத்தத்தில் சிறுநீர்ப் பாதை கோளாறு வரலாம்; ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பூனையைப் பார்க்க ஆசைப்படுபவர் பூனை இருக்கும் வீட்டுக்கு வருவதுதான் முறை. முகம் பார்க்கப் பிடிக்காவிட்டால், மற்றவர் வெளியே போன நேரத்தில் வரலாம்.

இரண்டு நாய் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று என்று பிரித்துவிடலாமே?

கணக்குக்குச் சரி. ஆனால் முதலில் ஒரு சோதனை: ஒன்றை மட்டும் 2 நாள் வேறு வீட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று சாப்பாட்டைத் தொடாமல் வாசலையே பார்த்துக் கிடந்தால் பிரிக்காதீர்கள். கூடப் பிறந்தவை, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும் பூனைகள், ஒன்று குருடாகி மற்றதைப் பின்தொடர்ந்து நடக்கும் ஜோடி, இவற்றைப் பிரிப்பது கொடுமை. எப்போதும் கடித்துக்கொள்ளும் இரண்டு என்றால் பிரிவு இரண்டுக்கும் நிம்மதி.

குழந்தைகள் நாயை விட மாட்டேன் என்கிறார்கள்.

பிள்ளைகள் எங்கே அதிக நாள் இருப்பார்களோ அங்கேயே நாயும் இருக்கட்டும். அப்பா வீட்டுக்கு வார இறுதியில் பிள்ளைகள் போகும்போது நாயும் கூடவே போனால் இரண்டு தரப்புக்கும் சுலபம். 'அம்மாவிடம் போனால் நாய் கிடையாது' என்று குழந்தையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். ஆனால் 7 வயதுப் பிள்ளைதான் ஆசைப்படுகிறது என்பதால் நாயின் வேலை முழுவதும் ஏற்கெனவே தனியாகத் திணறும் அம்மாவின் தலையில் விழுந்துவிடவும் கூடாது. அதற்கான செலவில் பங்கை எழுதி வாங்குங்கள்.

நாய்க்கு ஜீவனாம்சம் கேட்க முடியுமா?

நாய் பெயரில் முடியாது. உங்கள் ஜீவனாம்சக் கணக்கில் அந்தச் செலவைக் காட்டலாம். 2023-ல் மும்பை பாந்த்ரா மாஜிஸ்திரேட் நீதிமன்றம், குடும்ப வன்முறை வழக்கில் 3 ராட்வீலர் நாய்களை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு மாதம் 50,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் கொடுத்தது. செல்லப் பிராணிகளும் கண்ணியமான வாழ்க்கையின் பகுதி, உறவு முறிந்த வெறுமைக்கு அவை துணை என்று அந்த உத்தரவு ஏற்றுக்கொண்டது. மாஜிஸ்திரேட் உத்தரவு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வக்கீல் எடுத்துக்காட்டலாம். வருமானம், செலவு காட்டும் பிரமாணப் பத்திரத்தில் தீவனம், தடுப்பூசி, மருந்து என்று தனித்தனி வரியாக, பில் ஆதாரத்தோடு போடுங்கள்.

வாடகை வீட்டில் நாயை விட மாட்டேன் என்கிறார்கள். இதை வைத்து என் உரிமை போய்விடுமா?

போகாது. ஆனால் கையில் வீடு இல்லாமல் நாயைக் கேட்பது பலவீனமான கோரிக்கை. அபார்ட்மென்ட் சங்கம் செல்லப் பிராணிகளையே தடை செய்ய முடியாது, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் செல்லாது, லிஃப்ட் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்தில் எழுதுவது வேறு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் 'நாய் ஒன்று' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் போனால் இரண்டாம் மாதம் காலி செய்யச் சொல்வார்கள்.

உரிமம், மைக்ரோசிப் பெயரை எப்போது மாற்றுவது?

தீர்ப்பாணை வந்த வாரமே. சிப் என்பது அரிசி மணி அளவில், தோலுக்கு அடியில் இருக்கும். அதற்குள் 15 இலக்க எண் மட்டுமே உண்டு. உங்கள் பெயரும் போன் எண்ணும் பதிவேட்டில் இருக்கின்றன. அதை மாற்றாவிட்டால் காணாமல் போன நாயை ஸ்கேன் செய்பவர் உங்கள் முன்னாள் துணையைத்தான் கூப்பிடுவார். சென்னை மாநகராட்சி உரிமம் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. 2025-லிருந்து அங்கே நாய்களுக்கு சிப் கட்டாயம். பழையவரிடம் 'எனக்கு ஆட்சேபம் இல்லை' என்ற கடிதத்தைத் தீர்ப்பு நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு அவர் போனை எடுக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் இருப்பது நாய் இல்லை, மாடு.

கிராமங்களில் இந்தக் கேள்விதான் அதிகம். கல்யாணச் சீரோடு வந்த கறவை மாடு பெண்ணின் சீதனம். அது ஈன்ற கன்றுகளும் அவளுடையவையே. 'எங்கள் வீட்டுத் தீவனம் தின்று வளர்ந்தது' என்பதால் உரிமை மாறாது. தீவனச் செலவைக் கணக்குப் பேசலாம், அவ்வளவுதான்.

நிரூபிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். மாட்டின் காது வில்லையில் 12 இலக்க எண் இருக்கும்; கால்நடை மருந்தகத்தில் அந்த எண்ணுக்கு நேராக யார் பெயர் பதிவாகியிருக்கிறது? காப்பீடு யார் பெயரில்? கூட்டுறவுப் பால் சங்கத்தில் உறுப்பினர் யார், பால் பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது? பல வீடுகளில் மாடு மனைவி சீர், சங்க உறுப்பினர் கணவர் என்று இருக்கும். பால் பணம் அவர் கணக்கில் ஏறியது என்பதால் மட்டும் மாடு அவருடையது ஆகிவிடாது. கல்யாணத்தில் மாடு வந்ததைப் பார்த்த ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் இங்கே பெரிதும் உதவும்.

மாட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்தால், வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றாதீர்கள். சினை முற்றிய மாட்டை வண்டியில் ஏற்றாதீர்கள், கன்று ஈன்று தேறட்டும். தாயையும் பால் குடிக்கும் கன்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். கன்றைப் பிரித்தால் பல நாட்டு மாடுகள் மடி சுரக்காது. இடம் மாறிய பிறகு சில நாள் பால் குறையும், அதை வைத்து 'மாட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்' என்று பஞ்சாயத்து கூட்ட வேண்டாம். ஒரே மாடு, இருவரும் உழைத்து வாங்கியது என்றால், ஊரில் பங்குக்கு மாடு விடும் வழக்கத்தைப் போல, மாடு ஒருவருக்கு, அடுத்த கன்று மற்றவருக்கு என்று தீர்ப்பது நியாயமான வழி.

கிளி, ஆமை, மீன்தொட்டி?

பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கவே கூடாதவை. நீதிமன்றத்தில் அவற்றுக்கு உரிமை கேட்பது உங்கள் குற்றத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது, வனத்துறையில் ஒப்படைத்துவிடுங்கள். மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பறவைகள் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கைமாறினால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். மீன்தொட்டியை மாற்றும்போது ஃபில்டர் பஞ்சைக் கழுவாமல், ஈரம் காயாமல் பழைய தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் நல்ல பாக்டீரியா செத்து, ஒரு வாரத்தில் மீன்கள் மிதக்கும்.

ஒருவர் நாயோடு வெளிநாடு போகப் போகிறார்.

மற்றவரின் எழுத்துச் சம்மதம் அல்லது தீர்ப்பாணை நகலை வைத்துக்கொண்டு, குறைந்தது 5 மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். முதலில் சிப், பிறகுதான் ரேபிஸ் ஊசி. ஊசிக்குப் பிறகு சிப் போட்டால் அந்த ஊசி கணக்கில் வராது, திரும்பப் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருந்து, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவும் 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலிருந்து வரும் நாய்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கிறது; 6 மாதம் நிறையாத குட்டி போக முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேராகக் கொண்டுபோகவே முடியாது.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்குச் சட்டம் எப்படி?

சில இடங்களில் நம்மைவிட வெகு தூரம் போய்விட்டது. கலிஃபோர்னியாவில் 2019 முதல் நீதிபதி விலங்கின் பராமரிப்பைக் கணக்கில் எடுத்து ஒருவருக்கோ இருவருக்கும் கூட்டாகவோ கொடுக்கலாம். நியூயார்க் 2021-ல் விலங்கின் நலனைப் பார்க்கச் சொன்னது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 ஜனவரி முதலும் ஆஸ்திரேலியாவில் 2025 ஜூன் முதலும் யார் பராமரித்தார், வன்முறையோ மிரட்டலோ இருந்ததா, குழந்தைக்கு எவ்வளவு ஒட்டுதல் என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு இடத்திலும் நீதிமன்றம் 'முறை வைத்து மாறி மாறி' என்று உத்தரவிடாது. அது வேண்டுமானால் நீங்களே ஒப்பந்தம் போட வேண்டும். இங்கிலாந்திலும் ஒன்டாரியோவிலும் இன்னும் சொத்துதான். சிங்கப்பூரில் பிரிந்து வேறு வேறு வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்குப் போகிறவர்கள், வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் அனுமதிக்கப்பட்ட ரகம் மட்டும் என்ற விதியை முதலில் பார்க்க வேண்டும்.

இருவராலும் வைத்துக்கொள்ள முடியாது என்றால்?

தெருவில் விடுவது குற்றம். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வெட்கக்கேடு; ஆனால் வீட்டில் வளர்ந்த நாய் தெருநாய்க் கூட்டத்தின் நடுவில் ஒரு வாரம் தாங்குவதே கடினம். காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. உறவினர், வாக்கிங்கில் பழகியவர்கள், பழைய பக்கத்து வீட்டுக்காரர், கால்நடை மருத்துவர் என்ற வரிசையில் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டுக்கு நாயோடு இரண்டு முறை போய் வாருங்கள். இலவசம் என்று இணையத்தில் போடாதீர்கள், இனப்பெருக்கத்துக்காக அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கைமாறும் நாளில் என்ன கொடுத்து அனுப்ப வேண்டும்?

தடுப்பூசிப் புத்தகத்தின் அசல், 10 நாளுக்கான பழைய தீவனம், மருந்தும் வேளையும் எழுதிய தாள், கயிறு, பட்டை, கிண்ணம். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் 7 நாளில் கால் கால் பங்காக மாற்றுங்கள்; ஒரே நாளில் மாற்றினால் பேதி. பூனையை முதல் வாரம் ஒரே அறையில், மணல் தட்டோடும் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டியோடும் வையுங்கள். 3 முதல் 4 வாரம் வெளியே விடாதீர்கள், பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். முழுதாக 2 நாள் சாப்பிடாத பூனையை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஈரலைப் பாதிக்கும். விடைபெறும்போது கட்டிப்பிடித்து அழ வேண்டாம். உங்கள் பதற்றம் அதற்குத் தொற்றும். நீங்கள் உடுத்திய ஒரு பழைய சட்டையோ நைட்டியோ துவைக்காமல் அதன் படுக்கையில் சுருட்டி வைத்து அனுப்புங்கள். வாங்கிக்கொள்பவரும் அதை ஒரு மாதத்துக்குத் துவைக்க வேண்டாம்.